துண்டு கேட்ட காலம் போயிற்றா?

அனுசரணை விசாவில் வந்தோர் வேலை மாறுவது குறித்துச் சில உண்மைகள்

கடந்த மாரிகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எமது அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்திருந்தார். வயது முப்பதை அண்மித்திருக்கும். கையிலிருந்த பிளாஸ்ரிக் பையினுள் கடிதங்கள், சம்பளச் சிட்டைகள், நாலாக மடித்த ஓர் ஒப்பந்தம். இருக்கச் சொல்லியும் அவர் இருக்கவில்லை.

“அண்ணை, நாளைக்கு விடியவே இந்தக் கடிதத்தைக் குடுத்திட்டு வேலையை விடப்போறன். விட்டால் எங்களைப் பிடிச்சு அனுப்பிப்போடுவினமோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“கடிதத்தைக் குடுக்காதேங்கோ தங்கச்சி. முதல்லை இருங்கோ” என்றோம்.

வவுனியாப் பக்கத்தைச் சேர்ந்த அவர், 2023ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புத் தொழிலாளராக இங்கிலாந்துக்கு வந்தவர். கணவரும் குழந்தையும் உடன் வந்தனர். முகவருக்குக் கொடுப்பதற்காகத் தாயின் பெயரிலிருந்த காணி விற்கப்பட்டது. போதாமைக்கு நகைகள் ஈடு வைக்கப்பட்டன. வாரத்துக்கு 39 மணித்தியால வேலை என்று ஒப்பந்தம் கூறியது. கிடைத்ததோ சில வாரங்களில் 14, சில வாரங்களில் 16. ஒரு முதியவரின் வீட்டிலிருந்து அடுத்தவரின் வீட்டுக்குச் செல்லும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை. அந்த ஓட்டத்துக்கு வேண்டிய காரையும் முதலாளியிடமே வாடகைக்கு எடுக்க வேண்டும். வாய் திறந்து கேட்ட ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வந்தது: “ஹோம் ஒபிசுக்கு ஒரு வரி எழுதினன் எண்டால் நாளைக்கு நீ பிளேனிலை.”

இதைச் சொன்னவர் வெள்ளையர் அல்லர். எண்பதுகளின் பிற்பகுதியில் அகதியாக வந்திறங்கி, கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் இரவிரவாக உழைத்து முன்னேறிய நம்மவர் ஒருவர். அவரது பெயரை நாம் எழுதப் போவதில்லை. இது அவர் ஒருவரைப் பற்றிய கட்டுரை அன்று.

கதவால் வந்தவரும் மதிலால் வந்தவரும்

விசாவோடு வந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றொரு எண்ணம் எம் சமூகத்தில் நெடுநாளாக உண்டு. காடு கடந்து, கடல் கடந்து, பாரவூர்தியின் அடியில் மூச்சடக்கி வந்த தலைமுறைக்கு, விமான நிலையத்தில் நேரே நடந்து வெளியே வருபவரைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் இரு சாராரின் நிலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும்.

அகதி அந்தஸ்துப் பெற்ற எம்மில் எவரும், ஒரு முதலாளியை விட்டு இன்னொரு முதலாளியிடம் செல்வதற்கு அரசிடம் அனுமதி கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வேறு கடையில் நின்றவர்கள் நாம். கதவால் வந்த இவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவரது விசாவில் நாடு, தொழில், காலம் என்பவற்றோடு ஒரு முதலாளியும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறார். வேலை போனால் விசாவும் ஆட்டங்காண்கிறது. விசாவோடு வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், ஊரிலுள்ள கடன் யாவும் ஆடுகின்றன.

துண்டின் கதை

பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்த நாட்களில் மலையக வரலாறு பற்றிப் பேசும்போதெல்லாம், ‘துண்டு’ என்னும் சொல்லை மாணவர்க்கு விளக்க வேண்டியிருக்கும். தமிழகத்திலிருந்து இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் அழைத்துவரப்பட்ட முறை முற்பணக் கடனிலேயே தொடங்கியது. கப்பற் செலவு, வழிச் செலவு, ஊரில் அடைத்த கடன் எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதாயின் துரை தரும் ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கத் தயார் என்று அதில் எழுதியிருக்கும். புதிய துரை அத்தொகையைக் கொடுப்பார். கடன் தீராது, பழைய தோட்டத்திலிருந்து புதிய தோட்டத்துக்கு இடம் மாறும். ஆளும் அதன் பின்னால் போவார்.

அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. இன்றைய அனுசரணைச் சான்றிதழ் அதே துண்டுதான் என்று நாம் கூற வரவில்லை. அது மிகையாகும். துண்டு துரையின் கையிலிருந்தது. இன்று ஒருவரை நாட்டில் வைத்திருப்பதும் வெளியேற்றுவதும் அரசின் கையில் மட்டுமே உண்டு. வேறு முதலாளியிடம் மாறிச் செல்லும் உரிமையைச் சட்டம் வெளிப்படையாகவே தந்திருக்கிறது. ஆயினும் அந்த உரிமையை அறியாத ஒருவருக்குச் சான்றிதழும் துண்டும் ஒன்றாகவே தோன்றும். அந்த அறியாமையை வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவேதான் சட்டத்தைச் சற்று விரிவாக எழுத நேர்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரித்தானியாவில் இன்றுள்ள திறன்மிகு தொழிலாளர் விசா முறை 2020 டிசம்பர் 1ஆம் திகதி தொடங்கியது. பராமரிப்புத் தொழிலாளர் 2022 பெப்ரவரியில் அதனுள் சேர்க்கப்பட்டனர். 2024 மார்ச் 11 முதல் அவர்கள் புதிதாகக் குடும்பத்தை அழைத்துவர முடியாமற் போயிற்று. 2025 யூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புத் தொழிலாளரைப் புதிதாக எடுப்பதும் நிறுத்தப்பட்டது. ஆனால் ஏற்கெனவே இங்கு இவ்விசாவில் உள்ளவர்கள் விசாவை நீடிக்கவும் வேறு அனுசரணையாளரிடம் மாறவும் 2028 யூலை 22 வரை இடைக்கால ஏற்பாடு செய்யப்பட்டது. கதவு சாத்தப்பட்டது வெளியே நிற்பவருக்கு. உள்ளே இருப்பவர், ‘எல்லாம் மூடியாயிற்று, இனி மாறவே முடியாது’ என்னும் பேச்சை நம்பி அடங்கிக் கிடக்கத் தேவையில்லை.

மாறும் முறை இதுதான். புதிய முதலாளி அனுசரணை அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். அவர் உங்கள் பெயருக்குப் புதிய அனுசரணைச் சான்றிதழ் வழங்க வேண்டும். சான்றிதழ் என்று பெயரேயன்றி அது சட்டம் போட்டு மாட்டும் காகிதம் அன்று. கணினியில் பதியப்படும் ஓர் இலக்கம். அதைக்கொண்டு நீங்கள் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரே முதலாளியிடம் இருந்துகொண்டே வேறு வகைத் தொழிலுக்கு மாறினாலும் இவ்வாறு விண்ணப்பிக்க வேண்டி வரும். நாட்டினுள்ளிருந்து செய்யும் விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் எட்டு வாரங்களுள் முடிவு கிடைக்கும்.

இவ்வளவிலும் உயிர்நாடியான விதிகள் இரண்டு. முதலாவது, நடப்பு விசா முடியுமுன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய வேலையைத் தொடர்ந்து செய்யலாம். இரண்டாவது, அனுமதி கிடைத்தது என்ற அறிவித்தல் கைக்கு வரும்வரை புதிய வேலையைத் தொடங்கக் கூடாது. ஒரு நாள், ஒரு மணித்தியாலம், ‘பழகிப் பார்க்க’ என்றுகூடப் போகக் கூடாது.

இந்த இரண்டாவது விதி எவ்வளவு கொடியது என்பதை இன்னொருவரின் கதையால் அறிந்தோம். வடபகுதி நகரொன்றில் பராமரிப்பு வேலை செய்த இளைஞர் அவர். 2024இல் அவருக்கு வேறோரிடத்தில் கூடிய சம்பளத்தில் நல்ல வேலை கிடைத்தது. புதிய முதலாளி நேர்மையானவர், சான்றிதழும் வழங்கினார், விண்ணப்பமும் போயிற்று. ஆள் தட்டுப்பாடாக இருக்கிறது, வந்து நில்லுங்கள் என்று கேட்டபோது, கேட்டவர் நல்லவராயிற்றே என்று மறுநாளே போய் நின்றார். அந்தச் சம்பளம் பதிவாகியிருந்தது. அனுமதியின்றி வேலை செய்தார் என்ற காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கெட்ட முதலாளியிடம் இரண்டாண்டு தாக்குப்பிடித்தவரை நல்ல முதலாளியிடம் செய்த ஆறு நாள் வேலை கவிழ்த்துவிட்டது.

வேறொன்றும் உண்டு. முடிவு வருமுன் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். ஊரில் கலியாண வீடோ செத்த வீடோ எதுவாயினும், ரிக்கற் எடுக்குமுன் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்பது நன்று.

அறுபது நாள்

“வேலையை விட்டால் உடனே பிடித்து அனுப்புவார்களா?” என்பதுதான் அப்பெண்ணின் கேள்வி. உடனே அனுப்புவதில்லை. ஒருவர் வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ, அனுசரணையாளர் அதனைப் பத்து வேலை நாட்களுள் உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அதன்பின் அமைச்சு, விசாக் காலத்தை வழமையாக 60 நாட்களாகக் குறைத்து அறிவித்தல் அனுப்பும். விசாவில் அதற்கும் குறைவான நாட்களே மிஞ்சியிருந்தால் அவ்வளவுதான். எந்தத் திகதியுடன் முடிகிறது என்பது அக்கடிதத்தில் இருக்கும். அத்திகதிக்குள் புதிய விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை சட்டப்படி இங்கு தங்கலாம். அனுசரணையாளரின் அனுமதியே இரத்தாகிவிட்டாலும், அவரது முறைகேட்டில் பங்கில்லாத தொழிலாளருக்கு இதே நடைமுறைதான்.

ஆக, முதலாளி எழுதும் ‘ஒரு வரி’ எவரையும் விமானத்தில் ஏற்றாது. அது அறுபது நாள் கணக்கொன்றைத் தொடக்கிவைக்கும். ஆனால் அந்த அறுபது நாளுள் புதிய அனுசரணையாளரைக் கண்டுபிடிப்பது இலேசான காரியமன்று. ஆகவேதான் ‘கடிதத்தைக் கொடுக்காதே’ என்றோம். ஒரு கிளையைப் பிடித்தபின் மற்றதை விட வேண்டும். முகவரோ, கோபத்தில் நீங்களோ சொல்வதுபோல் முதலில் விட்டுவிட்டுப் பின்னர் தேடுவது ஆபத்து.

இங்கு ஒரு சிறு விடயம் பெருந்துன்பம் தருவதைக் கண்டிருக்கிறோம். விசாவுக்கு விண்ணப்பித்தபோது பலர் தம் மின்னஞ்சல் முகவரிக்குப் பதிலாக முகவரின் முகவரியையே கொடுத்திருக்கிறார்கள். அமைச்சின் கடிதம் அங்கே போய்ச் சேரும், நாட்கள் ஓடும், உரியவர் அறியார். இன்றே உங்கள் மின்னஞ்சலையும் வீட்டு முகவரியையும் திருத்திக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள முகவரிடம் உங்கள் கணக்கின் கடவுச்சொல் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இவ்வாறு நடுவழியில் நிற்போர் ஒருவர் இருவரல்லர். அரசு வெளியிட்ட கணக்கின்படி, 2022 யூலை முதல் 2024 டிசம்பர் வரை 470க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் அனுசரணை அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. அந்நிறுவனங்களுடன் தொடர்புடைய தொழிலாளர் தொகை 39,000க்கும் அதிகம். முதலாளியின் குற்றத்துக்காக நிறுவனம் மூடப்படும்போது முதலில் வீதிக்கு வருபவர் தொழிலாளியே. முறைப்பாடு செய்யப் பலர் அஞ்சுவதன் காரணமும் இதுவே. தன்னை வதைப்பவரைக் காட்டிக்கொடுத்தால் தன் விசாவையே காட்டிக்கொடுத்ததாகிறது.

காசுக் கணக்கு

முதலாளிமார் கையில் இருக்கும் இரண்டாவது ஆயுதம் காசு. ‘உனக்காக இவ்வளவு செலவழித்தேன், அதை வைத்துவிட்டுப் போ’ என்பார்கள். இதில் எது நியாயம், எது அநியாயம் என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

குடிவரவுத் திறன் அறவீடு என்னும் வரியை முதலாளியே செலுத்த வேண்டும். அதனைத் தொழிலாளியிடம் வாங்கவோ சம்பளத்தில் கழிக்கவோ சட்டம் இடந்தரவில்லை. அனுசரணை அனுமதிக்கான கட்டணத்தையும், 2024 டிசம்பர் 31 முதல் வழங்கிய சான்றிதழ்களுக்கான கட்டணத்தையும் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. இந்நாட்டில் வேலை தேடித் தருவதற்காக ஓர் ஆளிடம் முகவர் காசு வாங்குவதை 1973ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு முகவர் சட்டம் தடுக்கிறது. சான்றிதழை இத்தனை ஆயிரம் பவுணுக்குத் தருகிறேன் என்பவர் வேலை தருபவரல்லர், வியாபாரி. வேலை மாறும்போது இரண்டாம் முறையும் இதே வியாபாரியிடம் அகப்பட்டவர்களை நாம் அறிவோம்.

பயிற்சிச் செலவு போன்ற சிலவற்றைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அது ஆராய வேண்டிய விடயம். தொகை நியாயமானதா, காலம் செல்லச் செல்லக் குறைகிறதா என்று சட்டத்தரணி பார்ப்பார். ஆனால் ஒன்றை மனதில் இருத்துங்கள். அது கொடுக்கல் வாங்கல் வழக்கேயன்றிக் குற்றமன்று. அதற்காகப் பொலிஸ் வராது, விசா இரத்தாகாது, கடவுச்சீட்டைப் பிடித்துவைக்க எவருக்கும் உரிமை கிடையாது.

மாற நினைப்போர் இன்னுமொரு தடையையும் எதிர்பார்க்க வேண்டும். 2022இல் பராமரிப்புத் தொழிலாளருக்கு விதித்திருந்த ஆகக்குறைந்த ஆண்டுச் சம்பளம் 20,480 பவுண். 2025 ஏப்ரலில் அது 25,000 ஆயிற்று. புதிதாக விண்ணப்பிப்பவருக்கு விண்ணப்பிக்கும் நாளிலுள்ள தொகையைப் புதிய முதலாளி கொடுக்க வேண்டியிருக்கும். அதை எழுத்தில் உறுதிப்படுத்தாமல் எதையும் நம்ப வேண்டாம்.

கையில் காசில்லாதவர் அதுவரை எப்படிச் சீவிப்பது? அனுசரணையாளரிடம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அந்த நேரத்துக்கு வெளியே, தகுதியான வேறு வேலையில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்வரை மேலதிகமாக உழைக்க விதி இடந்தருகிறது. எந்த வேலை தகுதியானது என்பதைக் கேட்டறிந்து செய்யவேண்டும்.

ஏனைய நாடுகளில்

பிரான்சிலும் கனடாவிலும் உள்ள எம் வாசகர்கள் இங்கு கூறியவை தமக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. நாட்டுக்கு நாடு விதி வேறு. அவுஸ்திரேலியாவில் 2024 யூலை 1 முதல், அனுசரணையாளரை விட்டவருக்கு ஒரே தடவையில் 180 நாள், விசாக்காலம் முழுவதிலும் 365 நாள் என அவகாசம் நீட்டப்பட்டது. அந்நாட்களில் வேறிடத்தில் உழைக்கவும் இடமளிக்கப்பட்டது. கனடாவில், முதலாளியின் கொடுமைக்கு ஆளானவர் எந்த முதலாளியிடமும் வேலை செய்யத்தக்க திறந்த அனுமதி கோரும் வழி 2019 யூனில் திறக்கப்பட்டது. கட்டாரில் வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்ற விதி 2020இல் நீக்கப்பட்டது. ஆக, கட்டைத் தளர்த்துவது எந்த அரசாலும் முடியாத காரியமன்று.

இந்நாட்டிலோ கயிறு நீளும் போலிருக்கிறது. நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்தாண்டு என்றிருந்த இத்தொழிலாளருக்கு அதனைப் பதினைந்து ஆண்டாக்கும் யோசனையை 2025 நவம்பரில் அரசு முன்வைத்தது. ஐந்தாண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம் என்று எண்ணியவரிடம் பதினைந்தாண்டு பற்றிப் பேசுவது, வேலை மாறும் உரிமையை முன்னிலும் அவசியமாக்குகிறது.

தஞ்சம் கோருவோர்க்கு ஒரு சொல்

தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களின் வேலை அனுமதிக்கு வேறு சட்டம் உண்டு; மேலே சொன்னவற்றை அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வேலையில் தகராறு என்றதும் ‘அசைலம் அடித்துவிடு’ என்று ஆலோசனை கூறுவோரும் எம்மிடையே இருக்கிறார்கள். ஊர் திரும்ப உண்மையிலேயே அஞ்சுபவர் தஞ்சம் கோருவது அவரது உரிமை. அதை எவரும் குறைசொல்ல முடியாது. ஆனால் சம்பளத் தகராறுக்கு அது மருந்தன்று. அப்படிச் சொல்லிக்கொடுப்பவர் உங்களுடைய வழக்கோடு உண்மையான அகதியின் வழக்கையும் பழுதாக்குகிறார். குடிவரவு ஆலோசனையைச் சட்டத்தரணியிடமோ, குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவுபெற்றவரிடமோ மட்டுமே கேளுங்கள். பதிவின்றி அத்தகைய ஆலோசனை வழங்குவது இந்நாட்டில் குற்றமாகும். சம்பள விடயத்தில் ஏக்காஸ் அமைப்பின் தொலைபேசி ஆலோசனை இலவசம். பராமரிப்புத் துறையினர் யூனிசன் போன்ற தொழிற்சங்கத்தில் சேரவும் விசா தடையில்லை.

கங்காணியும் தமிழரே

அந்தப் பெண் மறுநாள் கடிதத்தைக் கொடுக்கவில்லை. சம்பளச் சிட்டைகள், வேலை அட்டவணைகள், வங்கிப் பதிவுகள், முதலாளி அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் பிரதியெடுத்து வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்தில் வைத்தார். வேலை நேரத்தை நாள்தோறும் ஒரு கொப்பியில் எழுதினார். முறையான சட்டத்தரணி ஒருவரைக் கண்டார். மூன்று மாதங்களின்பின் வேறொரு பராமரிப்பு இல்லம் அவரை எடுக்கச் சம்மதித்துச் சான்றிதழ் வழங்கியது. விண்ணப்பம் போய் ஆறாவது வாரம் அனுமதி வந்தது. அதன்பின்னரே பழைய வேலைக்கு உரிய முன்னறிவித்தல் கொடுத்தார். காணி திரும்பி வரவில்லை. நகைகள் இன்னும் ஈட்டிலேயே இருக்கின்றன. ஆனால் இப்போது மாதம் முடிய எவ்வளவு சம்பளம் வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது.

நாம் நினைத்துக்கொண்டிருப்பது அவரைப் பற்றியன்று. அந்த முதலாளியைப் பற்றியே. தோட்டத்தில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களை எண்ணிக் கொடுத்த கங்காணியும் தமிழர்தான். அவரும் ஒரு காலத்தில் அதே வழியால் நடந்து வந்தவர்தான். இன்று இந்நாட்டில் கடை, பெற்றோல் நிலையம், உணவகம், பராமரிப்பு இல்லம் என்று நடத்தும் நம்மவர் பலர் தாமே அனுசரணையாளராகிவிட்டனர். பெரும்பாலானோர் மரியாதையாகவே நடத்துகிறார்கள் என்பதையும் நாம் அறிவோம். நேர்மையாக நடத்துபவருக்கு, தொழிலாளி விட்டுப் போகலாம் என்பதில் அச்சமில்லை. போகவிடாமல் வைத்திருக்க வேண்டிய தேவை மற்றவருக்கே உண்டு.

எம் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுக்கொரு விழாவுக்கு மண்டபம் எடுக்கின்றன. அதே மண்டபத்தில் ஒரு பிற்பகல் ஒரு சட்டத்தரணியை இருத்தி, வந்தவரின் தாள்களைப் பார்க்கச் செய்தால் என்ன? அனுசரணை அனுமதியுள்ள நேர்மையான முதலாளிமார் தங்களிடம் வெற்றிடம் உண்டு என்று அங்கு வந்து சொன்னால் என்ன? அறுபது நாள் தேடுபவருக்கு அந்த ஒரு பிற்பகல் பெரிது. நாம் வந்திறங்கியபோது எம்மைக் கூட்டிச் சென்று சாப்பாடும் தந்து படுக்க இடமும் தந்தவர் எவரும் எம்மிடம் துண்டு கேட்கவில்லை.